கன்னி மூலையில் பதினெட்டு பேல்

ராசப்பன்: நாலு நிமிஷம்னு எழுது.

அனுசுயா: எழுத மாட்டேன் சார்.

ராசப்பன்: ஏம்மா, நாலுன்னு எழுத உனக்குப் பேனா ஓடாதா?

அனுசுயா: பதினாலு ஆச்சு சார். பெல் அடிச்சது பத்து நாப்பது. கடைசி ஆள் தெருவுக்கு வந்தது பத்து அம்பத்தி நாலு. வாட்சைக் கையில வச்சுக்கிட்டேதான் இருந்தேன்.

ராசப்பன்: நாளைக்கு வர்ற ஃபயர் ஆபீசர் வந்து நின்னு பாத்தாரா?

அனுசுயா: அவர் பாக்கலை. நான் பாத்தேன். ட்ரில் ரிப்போர்ட்டுக்கு அடியில என் பேருதானே இருக்கு? 'பாதுகாப்புப் பொறுப்பாளர் அனுசுயா'ன்னு நீங்கதான் டைப் அடிக்கச் சொன்னீங்க.

ராசப்பன்: ஃப்ளோர் மேனேஜரா ஒழுங்கா இருந்தவளை ரெண்டு நாள் ட்ரெய்னிங் அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். மன்னார்புரத்துல ஏசி ஹால்ல உக்கார வச்சு, மத்தியானம் பிரியாணி போட்டு... வந்ததுலேருந்து உனக்குக் கடையே நெருப்பாத் தெரியுது.

அனுசுயா: பிரியாணி இல்ல சார். தக்காளி சாதம்.

ராசப்பன்: ரொம்ப முக்கியம்.

அனுசுயா: காப்பி ஆறுது, குடிங்க. மூணாவது மாடியில உங்க ரூம்லயே உக்காந்து பேசலாமே, எதுக்கு இந்த கேஷ் கவுண்டர் பின்னாடி இடிச்சுக்கிட்டு?

ராசப்பன்: மேல வேர்க்குது.

அனுசுயா: உங்க ரூம்லதான் சார் ஏசி இருக்கு.

ராசப்பன்: எனக்கு சளி. ஏசி ஆகாது. மூக்கு ரெண்டும் அடைச்சு மூணு நாளா ஒரு வாசனை தெரியலை. இந்தக் காப்பியே வெந்நீர் மாதிரிதான் இருக்கு. அதை விடு. பதினோரு மணிக்கு ட்ரில்லுன்னு க்ரூப்ல நான் போட்டேனா இல்லையா? யாரு உன்னைப் பத்து நாப்பதுக்கு அடிக்கச் சொன்னது?

அனுசுயா: நீங்க போட்டதாலதான் சார். பத்தரைக்கே எல்லாரும் ஹேண்ட்பேகை மாட்டிக்கிட்டுப் படிக்கட்டுல வரிசையா நின்னுட்டாங்க, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. போய் வேலையைப் பாருங்கன்னு விரட்டி விட்டுட்டு, அவங்க சேலை மடிக்க ஆரம்பிச்சதும் அடிச்சேன்.

ராசப்பன்: எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அனுசுயா: நெருப்பு சொல்லிட்டா சார் வரும்?

ராசப்பன்: எடுத்தெறிஞ்சு பேசாத. நான் பிள்ளையாரைப் பாத்துட்டு வரலாம்னு மலைக்கோட்டை அடிவாரம் வரைக்கும் போயிருந்தேன். அதுக்குள்ள கடையைத் தலைகீழாக்கிட்ட. ஆவணி மாசம், முகூர்த்தக் கூட்டம்...

அனுசுயா: கஸ்டமர் பேச்சை மட்டும் எடுக்காதீங்க சார், வயிறு எரியுது. ரெண்டாவது மாடியில பெல்லு காதைக் கிழிக்குது. கே.கே. நகர் கல்யாண வீட்டுக்காரங்க பதினோரு பேரு அசையாம உக்காந்திருக்காங்க. எல்லாரும் கீழ எறங்குங்கம்மான்னு கெஞ்சறேன். அந்தம்மா சொல்றாங்க, "பதினொண்ணே காலோட நல்ல நேரம் முடியுது. கூரைப் புடவைக்கு மட்டும் பில்லைப் போட்டுட்டு நீங்க எறங்குங்க"ன்னு.

ராசப்பன்: பில் போட்டாச்சா?

அனுசுயா: சார்...

ராசப்பன்: கேட்டேன்மா.

அனுசுயா: பில் கவுண்டர் லூர்துராணி போட்டுட்டா. நான் மெயினை ஆஃப் பண்ணிட்டேன், கம்ப்யூட்டர் இல்ல. கையாலயே எழுதிக் குடுத்திருக்கா. அவளைத் திட்டுறதா மெச்சிக்கிறதான்னே தெரியலை எனக்கு.

ராசப்பன்: நல்ல பொண்ணு.

அனுசுயா: மத்தவங்க கதை தெரியுமா? கீழ ஓடணும்ல? கிரவுண்ட் ஃப்ளோர்ல இருந்தவங்க பாதிப் பேரு மேல ஓடுறாங்க. எதுக்கு? போனுக்கு. காலைல வந்ததும் எல்லார் போனையும் வாங்கி ரெண்டாவது மாடிப் பெட்டியில பூட்டச் சொல்லியிருக்கீங்க. சாவி கீழ இருக்கு. பதினாறு பேரு பூட்டைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

ராசப்பன்: சாவியைப் பெட்டி பக்கத்துலயே தொங்க விடு. முடிஞ்சது.

அனுசுயா: தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் இருக்குல்ல, அந்தக் கதையும் கேளுங்க. போன வருஷம் ஆயுத பூஜைக்கு சந்தனம் பூசிப் பொட்டு வச்சோமே, அது அப்படியே காஞ்சு இறுகிப் போயி பின்னு எங்க இருக்குன்னு தெரியலை. சேல்ஸ் பொண்ணு சுபஸ்ரீ நகத்தால சுரண்டிக்கிட்டு நிக்கிறா.

ராசப்பன்: சரி... அந்தப் புகை? அது எதுக்கு?

அனுசுயா: கோயில்ல இருந்த உங்களுக்கு யாரு சொன்னா சார், புகை வந்துச்சுன்னு?

ராசப்பன்: யாரோ... வாட்ச்மேன் சொன்னாரு.

அனுசுயா: ம்... ஒரு வழியை அடைச்சுப் பாக்கணும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. முன்படியில புகை வந்தா ஜனங்க பின்னாடி இருக்கிற இரும்புப் படிக்குப் போறாங்களான்னு தெரியணும். புகைக்கு நான் எங்க போவேன்? படித் திருப்பத்துல நாலு தூபக்கால் வச்சு சாம்பிராணியை அள்ளிப் போட்டேன்.

ராசப்பன்: நெருப்பு வராம இருக்கப் பிளான் போடச் சொன்னா, துணிக்கடைக்குள்ள நீயே தணலைக் கொண்டாந்து வைக்கிற.

அனுசுயா: தினம் விளக்கு வச்சதும் அதே தணலைச் சேலைக்கு நடுவுலதானே சார் தூக்கிட்டுப் போறோம்? இன்னிக்காவது இரும்புத் தட்டு போட்டு, பக்கத்துல ரெண்டு வாளித் தண்ணி வச்சேன்.

ராசப்பன்: ஜனங்க... பயந்துட்டாங்களா?

அனுசுயா: பயமா? ஒரு அம்மா புகையை அள்ளிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. ரெண்டு பேரு செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாங்க. புதன்கிழமை காலைல என்ன பூஜைன்னு ஒருத்தர் கேக்கலை. மொத்தக் கடையிலயும் அந்தப் புகையைப் பாத்து பயந்தது ஒரே ஒருத்தர்தான்.

ராசப்பன்: யாரு?

அனுசுயா: அது கிடக்கட்டும். விரல்ல என்ன சார் கட்டு?

ராசப்பன்: கார் கதவுல மாட்டிக்கிச்சு.

அனுசுயா: இன்னிக்கு ஸ்கூட்டர்லல்ல வந்தீங்க?

ராசப்பன்: நேத்து மாட்டுனது. இன்னிக்குத்தான் வலிக்குது. உனக்குத் தோள்ல என்ன? அப்பலேருந்து பிடிச்சுக்கிட்டே இருக்க.

அனுசுயா: ஸ்ரீரங்கத்துலேருந்து வர்ற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸு. ஒருத்தர் இடிச்சுட்டாரு.

ஜெகபர் அலி: முதலாளி, உள்ள வரலாமா?

ராசப்பன்: வாங்க பாய். குடோனைப் பாத்துக்கிற நீங்க ஒருத்தர்தான் இன்னும் வந்து என் தலையை உருட்டலை.

ஜெகபர் அலி: குடோன் விஷயமாத்தான் வந்தேன். மூணாவது மாடியில கோணியில கட்டின லுங்கி பேல் ரெண்டு சரிஞ்சு கிடக்கு. ஆடி ஒண்ணாம் தேதி நானே கூட நின்னு அடுக்கினது. பதினெட்டும் செவரு மாதிரி நின்னுச்சு.

ராசப்பன்: எலி தள்ளியிருக்கும்.

ஜெகபர் அலி: ஒரு பேலு அறுபது கிலோ முதலாளி.

ராசப்பன்: பஜார் எலி பாய். தின்னு கொழுத்திருக்கும்.

அனுசுயா: கொஞ்சம் பெரிய எலிதான் சார். பாய், நீங்களே சொல்லுங்க. அந்தப் பதினெட்டு பேலும் எதை மறைச்சுக்கிட்டு நிக்குது?

ஜெகபர் அலி: எமர்ஜென்சி கதவை. இரும்புப் படிக்குப் போற கதவு. மேல பச்சை லைட்டுல ஒரு ஆளு ஓடுவாருல்ல, இப்ப அவருக்குத் தலை மட்டும்தான் தெரியுது.

ராசப்பன்: வாஸ்துக்காரர் வந்தப்ப நீங்களும்தானே பாய் பக்கத்துல நின்னீங்க?

ஜெகபர் அலி: நின்னேன் முதலாளி. தென்மேற்கு கன்னி மூலை, உச்சி மாடியில அந்த மூலையில வாசல் ஆகாது, பாரம்தான் இருக்கணும்னாரு. கதவைச் செங்கல் வச்சு அடைச்சா கவர்மெண்ட்ல விட மாட்டாங்களேன்னேன். அடைக்க வேணாம், பாரத்தை முன்னாடி ஏத்துங்கன்னாரு. எனக்கு அந்த சாஸ்திரமெல்லாம் தெரியாது. இருக்கிறதுலயே கனமானது லுங்கிதான்னு அடுக்கிட்டேன்.

ராசப்பன்: அடுக்கின மாசமே வியாபாரம் ஏறுச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க.

ஜெகபர் அலி: ஏறுச்சு.

அனுசுயா: அது ஆடித் தள்ளுபடி சார். ஆடியில ஊர்ல எந்தக் கடையிலதான் கூட்டம் ஏறலை? அவங்க எல்லாருமா கதவை அடைச்சு வச்சிருக்காங்க?

ஜெகபர் அலி: அனுசுயாம்மா, எனக்கு ஒரு சந்தேகம். ரெஜிஸ்டர்ல நாப்பத்தோரு பேரு. தெருவுல நின்னு நான்தான் எண்ணினேன். ஒன்பது நிமிஷத்துல நாப்பத்தொண்ணும் வந்துடுச்சு, கஸ்டமரும் வந்துட்டாங்க. நீங்க பதினாலுன்னு போட்டிருக்கீங்களே?

ராசப்பன்: பாத்தியா? பாயே சொல்றாரு ஒன்பதுன்னு. ஒன்பதுன்னா நான் ஆறுக்கு எறங்கி வரேன். ஆறுன்னு எழுது, சண்டை வேணாம்.

அனுசுயா: பாய் எண்ணினது சரிதான். நாப்பத்தோரு பேரு ஒன்பது நிமிஷம். கடைசி ஆளு பதினாலு.

ஜெகபர் அலி: நாப்பத்திரண்டாவது ஆளு ஏதும்மா நம்ம கடையில?

ராசப்பன்: கஸ்டமர் யாராவது பாத்ரூம் போயிருப்பாங்க. பாய், நீங்க போய் அந்த ரெண்டு பேலையும்... இல்ல, வேணாம். அப்படியே கிடக்கட்டும்.

ஜெகபர் அலி: லுஹருக்கு நேரமாச்சு முதலாளி. பள்ளிவாசலுக்குப் போயி தொழுதுட்டு வந்து பாத்துக்கறேன்.

ராசப்பன்: போயிட்டு வாங்க.

அனுசுயா: மணி ஒண்ணு சார். பாய் தொழப் போயிட்டாரு. மத்தவங்க எங்க இருக்காங்க தெரியுமா? முதல் பந்தி, இருபது பேரு மூணாவது மாடியில சாப்பிடுறாங்க. கொழம்பு சுட வைக்கிற கரண்ட் அடுப்பு எங்க இருக்கு? முன்படிக்குப் பக்கத்துல. அது பத்திக்கிச்சுன்னா முன்படி போச்சு. பின்னாடி போனா பதினெட்டு பேல்.

ராசப்பன்: அடுப்பை மாத்தி வச்சுக்கலாம்.

அனுசுயா: கேள்வி ஏழு, படிக்கிறேன் கேளுங்க. "ஒவ்வொரு தளத்திலும் அவசர வழி தடையின்றி உள்ளதா?" இதுக்கு நீங்க ஆம்னு போட்டு வச்சிருக்கீங்க.

ராசப்பன்: நாளைக்குக் காலைல பேலை எடுத்துடறோம். ஆபீசர் வந்து பாக்கட்டும். அவர் போனதும் திரும்ப வச்சுக்கறோம். அப்ப ஆம்தானே?

அனுசுயா: நெருப்புகிட்டயும் சொல்லி வைங்க சார், ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் வான்னு.

ராசப்பன்: உன் வாய் இருக்கே...

அனுசுயா: கேள்வி எட்டு. கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். நம்மது உள்பக்கமாத் திறக்குது. பேல் இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற ஆளு இழுக்கவும் முடியாது, வெளிய நிக்கிற ஆளு தள்ளவும் முடியாது.

ராசப்பன்: வெளியேருந்து யாரு வந்து தள்ளப் போறா?

அனுசுயா: யாராவது தள்ளுவாங்க சார்.

ராசப்பன்: இங்க பாரு அனுசுயா. தீபாவளிக்கு முன்னாடி சர்டிபிகேட் கைக்கு வரலைன்னா கடையைச் சாத்தச் சொல்லிடுவாங்க. நாப்பத்தோரு குடும்பம் தெருவுல நிக்கும். நீ போடலைன்னா சேல்ஸ்ல இருக்கிற கலையரசன் கையெழுத்துப் போடுவான். அப்புறம்... அப்புறம் நீ நாளைலேருந்து வர வேணாம்.

அனுசுயா: பதினோரு வருஷம் ஆச்சு சார் நான் இங்க வந்து.

ராசப்பன்: தெரியும்.

அனுசுயா: என் பொண்ணைக் காலேஜ்ல சேத்து ரெண்டு மாசம்கூட ஆகலை.

ராசப்பன்: அதுவும் தெரியும்.

அனுசுயா: தெரிஞ்சுதான் சொல்றீங்க. நானும் எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன். போட மாட்டேன். அந்த இருபது பேர்ல தினம் நானும் ஒருத்தி. எனக்கும் அங்கதான் சோறு.

ராசப்பன்: பிடிவாதம். அப்படியே பிடிவாதம்... அந்தப் பேப்பரைக் குடு. கடைசி ஆளுன்னு கட்டம் போட்டிருக்கே, பேரு எங்க?

அனுசுயா: காலியா விட்டிருக்கேன்.

ராசப்பன்: ஏன்?

அனுசுயா: அவராச் சொல்லட்டும்னு.

ராசப்பன்: சொல்லலைன்னா?

அனுசுயா: காலியாவே ஆபீசர்கிட்ட போகும். கேட்டா, எங்க லிஸ்ட்ல இல்லாத ஒருத்தருங்க, அதனால தெருவுல யாரும் அவரைத் தேடலைங்கன்னு சொல்லுவேன்.

ராசப்பன்: யாருமே... தேடலையா?

அனுசுயா: ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுறவங்களைத்தானே சார் லிஸ்ட்ல எடுத்தோம்? நாப்பத்தொண்ணுன்னு பாய் சொன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க. டீ சொல்லியாச்சு. பானுமதி அக்கா வடைகூட வாங்கிட்டு வந்துட்டாங்க.

ராசப்பன்: வடையா?

அனுசுயா: ஆமா சார்.

ராசப்பன்: நான் அங்க... அனுசுயா.

அனுசுயா: சொல்லுங்க சார்.

ராசப்பன்: நான் கோயிலுக்குப் போகலை.

அனுசுயா: தெரியும் சார். சாமி படம் இருக்குன்னு ரூமுக்கு வெளியதானே செருப்பைக் கழட்டுவீங்க? அது அங்கயே கிடந்துச்சு. நீங்க பத்து அம்பத்தி நாலுக்கு வெறுங்காலோட எறங்கி வந்தீங்க. சட்டை பூரா கோணி நாரு. எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க, யாரும் பாக்கலை. நேரா போயி முகத்தைக் கழுவினீங்க.

ராசப்பன்: பெல் அடிக்குது, பொசுக்குன்னு கரண்ட் போச்சு. மணி பத்து நாப்பதுதானே ஆகுது, ட்ரில்லுக்கு இன்னும் நேரமிருக்கேன்னு வெளிய வந்து பாக்கறேன், படியில குபுகுபுன்னு புகை. மூக்கு இப்படி அடைச்சிருக்கு, சாம்பிராணின்னு எனக்கு எப்படித் தெரியும்?

அனுசுயா: போன் பண்ணியிருக்கலாமே சார்.

ராசப்பன்: யாருக்கு? உங்க எல்லார் போனும் பெட்டியில. நானே பூட்டச் சொன்ன பெட்டி. அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்லை... பின்பக்கம் ஓடினேன். கன்னி மூலைக்கு. மேல இருந்த ஒரு பேலை இழுத்தேன். ரெண்டாவது என் கைமேலயே சரிஞ்சுது. நகம் பேந்துருச்சு. அதுக்கு மேல ஒண்ணும் அசையலை. அந்தப் பச்சை லைட்டு மட்டும் பேட்டரியில மினுக்கு மினுக்குன்னு எரியுது. சுவத்தைத் தட்டிக்கிட்டு அதுக்குக் கீழயே உக்காந்துட்டேன். என் கடைம்மா அது. நானே கட்டினது.

அனுசுயா: தண்ணி குடிங்க சார்.

ராசப்பன்: புகை கலைஞ்சதும்தான் தட்டுத் தடுமாறி முன்படியில வந்தேன். அவமானமா இருந்துச்சு. யாருக்கும் தெரிய வேணாம்னு... எழுது. நாப்பத்திரண்டு, ராசப்பன், பதினாலு நிமிஷம்.

அனுசுயா: கேள்வி ஏழு?

ராசப்பன்: ஆம்ங்கறதை அடிச்சுட்டு இல்லைன்னு எழுது. இரு, அதுக்கு முன்னாடி கலையரசனைக் கூப்பிடு. நாலு பேரோட மேல போயி பேலை இப்பவே எடுக்கச் சொல்லு. சாப்பிடுறவங்க எல்லாரும் கீழ வரட்டும்.

அனுசுயா: சோத்துல கை வச்சிருப்பாங்க சார்.

ராசப்பன்: தட்டோட வரட்டும்.

அனுசுயா: கன்னி மூலையில பாரம் வேணுமே?

ராசப்பன்: பாரம்தானே? நூத்தி ரெண்டு கிலோ இருக்கேன். வேணும்னா நானே நாற்காலி போட்டு அங்க உக்காந்துக்கறேன், கதவைத் திறந்து வச்சுக்கிட்டு.

அனுசுயா: கையெழுத்து ரெண்டு பேரும் போடணும் சார். இங்க... ஆமா, அங்கதான்.

ராசப்பன்: ஒண்ணு கேக்கறேன். சிரிக்கக் கூடாது.

அனுசுயா: கேளுங்க.

ராசப்பன்: நான் தட்டிக்கிட்டு இருந்தப்ப... அந்தப் பக்கத்துலேருந்து யாரோ பதிலுக்குத் தட்டின மாதிரி இருந்துச்சு. ரெண்டு மூணு தடவை. பயத்துல அப்படித் தோணிச்சோ என்னவோ.

அனுசுயா: தோணலை சார், நான்தான். லிஸ்ட்ல உங்க பேரே இல்லைன்னு சுருக்குன்னதும் சந்து வழியா இரும்புப் படியேறி ஓடி வந்துட்டேன். "ட்ரில்லுதான் சார், பயப்படாதீங்க"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன், துணி சத்தத்தை உள்ள விடலை. தோளைக் குடுத்து மூணு தடவை மோதினேன். நெஜமாவே தீ பிடிச்சிருந்தாலும் என்னால அவ்வளவுதான் சார் தள்ளியிருக்க முடியும்.